கருவுற்றது தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டேன், கருவைக் கலைக்க வேண்டுமா?

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததால் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார் ஒரு வாசகி. பத்து நாள் கழித்துப் பரிசோதித்தால், ஐந்து வாரக் கர்ப்பம். "குழந்தை ஊனமாகப் பிறக்கும், இப்போதே கலைத்துவிடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

கலைக்க வேண்டாம். இந்த எக்ஸ்ரேக்களுக்காக ஒரு கருவைக் கலைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டாரிடமும் இதைக் காட்டுங்கள்.

கருவைச் சேரும் கதிர்வீச்சை மில்லிகிரே என்ற அளவில் சொல்வார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. கீழ்முதுகு, இடுப்புப் பகுதியில் எடுத்தால் சராசரியாக 1 முதல் 2 வரை. எக்ஸ்ரேயே எடுக்காவிட்டாலும் மண், காற்று, உணவு வழியாக ஒன்பது மாதத்தில் கரு ஏறத்தாழ 1 மில்லிகிரே வாங்கத்தான் செய்கிறது. 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் அதைக் காரணமாக வைத்துக் கருவைக் கலைக்கக் கூடாது என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் அந்த அளவுக்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

இந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்த சுமார் 1,600 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 30 பேருக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. கரு உண்டாகி 8 முதல் 15 வாரத்துக்குள் அதிகக் கதிர்வீச்சு பட்டவர்களே இதில் பெரும்பகுதி. மூளையின் நரம்புச் செல்கள் வேகமாகப் பெருகி, தத்தம் இடத்துக்கு நகரும் காலம் அது. எட்டு வாரத்துக்கு முன்பு கதிர்வீச்சு பட்டவர்களிடம் இந்தப் பாதிப்பு தென்படவில்லை. ஐந்து வாரம் என்பது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் கணக்கு. அதனால் உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்த நாளில் கரு உண்டாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அப்போது அதிகக் கதிர்வீச்சு பட்டிருந்தால் கரு தங்காமலே போயிருக்கும். தங்கிவிட்டால், இழந்த செல்களை மற்றவை ஈடுகட்டி வழக்கம்போல் வளரும்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் சற்று அதிகம் என்று 1956-இல் பிரிட்டனின் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் எழுதினார். முதலில் பலர் ஏற்கவில்லை, அப்புறம் அதன் பலம் தெரிந்தது. 10 மில்லிகிரே பட்டால் ஏறத்தாழ 1,700 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்பது இன்றைய கணக்கு. உங்கள் அளவுக்கு அது இன்னும் பல மடங்கு குறையும். எக்ஸ்ரே எதுவும் படாத கர்ப்பங்களிலேயே நூற்றுக்கு மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பயம் செய்யும் கேடு இதைவிடப் பெரியது. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, வெகு தொலைவில் இருந்த கிரீஸ் நாட்டில் கருவைப் பாதிக்கிற அளவுக்குக் கதிர்வீச்சே இல்லை. அங்கே, பெற்றோர் ஆசையாக எதிர்பார்த்திருந்த சுமார் 2,500 கருக்கள் அச்சத்தால் கலைக்கப்பட்டன என்று மறு ஆண்டு வந்த ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவர்களே சரியான தகவல் இல்லாமல் அப்படி ஆலோசனை சொன்னதும் ஒரு காரணம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எந்த இடத்தில், எத்தனை படம், எந்தத் தேதியில் என்று எழுதி மகப்பேறு மருத்துவரிடம் கொடுங்கள். விழுந்தபோது சாப்பிட்ட வலி மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைவிட அதைத்தான் அவர் கவனமாகக் கேட்பார். ஃபோலிக் அமில மாத்திரையை விடாதீர்கள். வழக்கமான ஸ்கேன்களைத் தயங்காமல் எடுங்கள், அவை ஒலி அலையில் இயங்குபவை, கதிர்வீச்சு இல்லை.

வயிறு, இடுப்பில் பலமுறை சிடி ஸ்கேன், புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சை, தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் என்று வந்தால் கதை வேறு. அப்போது மருத்துவமனையின் கதிரியக்க இயற்பியலாளரிடம் கருவுக்கான அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் கைக்கு வருவதற்கு முன் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.