இரவில் நான்கு முறை எழும் அப்பா: தண்ணீரை நிறுத்துவது தீர்வா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்துவிடுகிறார். போன வாரம் கழிப்பறை வாசலில் தலை சுற்றிச் சரிந்துவிட்டார். சுவரில் சாய்ந்ததால் அடி எதுவும் படவில்லை. அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பகலெல்லாம் சோர்ந்து படுத்திருக்கிறார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் டயப்பர் போட்டுவிடலாமா என்று கேட்டால் கோபம் வருகிறது. துணைக்கு ஆள் வைக்க வேண்டுமா?

பதில்: டயப்பர் விஷயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம். சிறுநீர் வருவது தெரிகிறது, எழுந்து நடக்கவும் முடிகிறது. அப்படிப்பட்டவருக்கு டயப்பர் கட்டினால் மனம் நோகும் என்பது ஒருபுறம். அதைவிட, கட்டிவிட்டாலும் அவர் எழுந்து போகத்தான் பார்ப்பார். அறுபது எழுபது வருடப் பழக்கம் ஒரே ராத்திரியில் மாறாது. விழும் ஆபத்து அப்படியே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். அவர் செய்வதன் நோக்கம் புரிகிறது, ஆனால் பலன் நேர்மாறாகப் போகிறது. வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். உடம்பில் நீர் குறைந்தாலும் நாக்கு கேட்காது. நீர் குறைந்தால் ரத்த ஓட்டத்தின் அளவு குறையும், எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கும், தலை சுற்றும். எதற்குப் பயந்து தண்ணீரை நிறுத்தினாரோ அதையே வரவழைத்துக்கொள்கிறார். போதாததற்கு மலச்சிக்கல் வேறு சேரும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தினால் இன்னும் இரண்டு முறை எழ வேண்டிவரும். எனவே குடிக்கும் அளவைக் குறைக்காதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலை எழுந்ததிலிருந்து மாலைக்குள் பெரும்பங்கைக் குடித்து முடித்துவிட்டு, படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் சிக்கனமாக இருந்தால் போதும். மாத்திரை விழுங்க வேண்டிய தண்ணீரில் கஞ்சம் வேண்டாம். காப்பி, டீயை மாலைக்கு முன்பே முடித்துக்கொள்ளட்டும். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவுதான் கணக்கு.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் பிரஷரை நிற்க வைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? பெரும்பாலும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள், சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கும். இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதைச் சரிக்கட்டிவிடும். முதுமையில் அந்த வேகம் குறைகிறது.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை. பக்கத்திலேயே நில்லுங்கள், தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ காரணம் கிட்டத்தட்டக் கையில் கிடைத்த மாதிரி. காலையில் மாத்திரைக்கு முன்பும் பின்பும் என இரண்டு மூன்று நாள் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கூடவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை, தூக்க மாத்திரை, சளிக்கு நாமே வாங்கிப் போடும் மாத்திரை என்று எல்லாமே இதில் கை வைக்கக்கூடியவை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இரவில் சிறுநீர் அதிகமாவதற்குப் பலர் கவனிக்காத ஒரு காரணம் கால் வீக்கம். மாலையில் அவர் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகல் முழுக்க காலில் தங்கிய நீர் படுத்த பிறகு ரத்தத்துக்குத் திரும்பி, நள்ளிரவில் சிறுநீராக வெளியேறுகிறது என்று அர்த்தம். பிரஷருக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபினே சிலருக்கு இந்த வீக்கத்தைக் கொடுக்கும். மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் கால்களைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால், அந்த நீர் விழித்திருக்கும் நேரத்திலேயே போய்விடும். செலவில்லாத வைத்தியம் இது. வீக்கம் புதிதாக வந்ததென்றாலோ மூச்சு வாங்கினாலோ இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கும் இரவில் சிறுநீர் அதிகமாக ஊறும். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று இரண்டையும் ஒரு சாதாரணப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம்.

சரி, இன்றிரவு என்ன செய்வது? கட்டிலுக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் சிறுநீர் கழிக்கும் பாட்டில் ஒன்று. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே பயன்படுத்தலாம், நடக்கவே வேண்டாம். டயப்பரை மறுத்த பல ஆண்கள் இதற்கு முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குத்தான் போவேன் என்றால், எழுவதற்கு முன் படுத்தபடியே பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைக்கட்டும், பிறகு காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும், அப்புறம் எழட்டும். அங்கேயும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். நின்றுகொண்டு கழிக்கும் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை காலியானதும் பிரஷர் இறங்கி மயக்கம் வருவதுண்டு. அப்பா கழிப்பறை வாசலில் சரிந்தது போகும்போதா, திரும்பும்போதா என்று கேட்டுப் பாருங்கள்.

வழியில் கிடக்கும் மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முழங்கால் உயரத்தில் மங்கலான விளக்கு விடிய விடிய எரியட்டும். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. சுவரில் சரியாகப் பதித்த கைப்பிடி வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

மறுபடி விழுந்தால் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இடுப்பிலோ தலையிலோ வலியா என்று முதலில் கேளுங்கள். தலையில் அடிபட்டிருந்து, அவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராகவும் இருந்தால், தெம்பாக எழுந்து உட்கார்ந்தாலும் உடனே மருத்துவமனைதான். மற்றவர்களுக்கும் தலை அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துத் தூக்கக் கலக்கம், குழப்பம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது என்று வரலாம். விழுந்ததை அதற்குள் வீடே மறந்திருக்கும். நினைவு தப்பி விழுவது, நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம், அடிவயிறு கனத்தும் சிறுநீர் வராமலிருப்பது இவையெல்லாம் காலை வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

துணைக்கு ஆள் என்றால், இரவில் இடம் புரியாமல் தடுமாறுகிறார், அல்லது நிற்கும்போது பிரஷர் வெகுவாக இறங்குகிறது என்றால் உடனே வேண்டும். இல்லையென்றால் அவசரமில்லை, கூப்பிட ஒரு மணி தலைமாட்டில் இருக்கட்டும். இதற்கிடையில் மூன்று நாளைக்கு ஓர் அளவுக் குவளையும் சிறு நோட்டும் போதும். எப்போது, எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்ற கணக்கு. படுத்த பிறகு போவதையும் காலை முதல் சிறுநீரையும் சேர்த்தால், ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் இரவில்தான் அதிகம் ஊறுகிறது. கால் வீக்கம், மூச்சுத் தடை, மாத்திரை நேரம் பக்கம் தேட வேண்டும். பகலிரவு இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகிறதென்றால் சிறுநீர்ப்பை, புராஸ்டேட் பக்கம். நோட்டை நீங்கள் எழுதாமல் அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். தன் கையெழுத்தில் இருக்கும் கணக்கை மருத்துவரிடம் அவரே எடுத்துச் சொல்வார்.