தூங்கினால்தான் மிச்சம்

கேள்வி: நானும் என் மனைவியும் முதல் முறையாகத் தாய்லாந்து போகிறோம். பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு ராத்திரி ரயிலில் போனால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்கிறார்கள், உண்மையா? அப்பர் பெர்த், லோயர் பெர்த் இரண்டுக்கும் கட்டணம் வேறாக இருக்கிறதே, எதை எடுப்பது?

பதில்: மிச்சம்தான், நீங்கள் தூங்கினால். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டுக் காலையில் போய் இறங்கினால் அன்றைய பகலை ரூமில் படுத்தே கழிப்பீர்கள், அந்த ரூமுக்கு வாடகையும் கொடுப்பீர்கள். அதனால் உட்கார்ந்து போகிற சீட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை போதும், முதல் வகுப்பெல்லாம் தேவையே இல்லை.

சாயங்காலம் ஏறும்போது எதிரெதிரே இரண்டு சீட்டுதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ரயில் ஊழியர் வருவார், இரண்டு சீட்டையும் இழுத்துச் சேர்த்து, மேலே மடக்கியிருக்கிற பெர்த்தை இறக்கி, மெத்தை போட்டு, துவைத்த விரிப்பை மூலைக்கு மூலை செருகி, திரையை மாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அந்தக் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் உண்டு. மேல் படுக்கை குறுகல், ஜன்னல் கிடையாது, நடைபாதை விளக்கின் வெளிச்சமும் கூடுதலாக அடிக்கும், அதனால்தான் கட்டணம் குறைவு. ஒன்று மேலே ஒன்று கீழே எடுங்கள், உங்கள் இரண்டு பேரில் யாருக்குச் சட்டென்று தூக்கம் கலையுமோ அவருக்குக் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிடுங்கள். ஏசி நன்றாகவே குளிரும், ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் தலைமாட்டில் இருக்கட்டும். தாய்லாந்து ரயில்களில் 2014 முதல் மதுவுக்குத் தடை, ராத்திரியில் சத்தம் அவ்வளவாக இருக்காது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பயணக் குறிப்புகளில் ஹுவா லம்போங் ஸ்டேஷன் என்று போட்டிருக்கும். 2023 ஜனவரியிலிருந்து சியாங் மாய் போகிற வண்டிகள் பாங் சூவில் இருக்கிற க்ருங் தேப் அபிவாட் என்ற பெரிய ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டுக்குமே மெட்ரோவின் நீல வழித்தடம் போகிறது என்பதால், வழி தெரியும் என்ற நம்பிக்கையில் தப்பான இடத்தில் இறங்கிவிட வாய்ப்பு அதிகம். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

கேள்வி: வியட்நாமில் ஹனோயிலிருந்து டா நாங் வரை ஒரே ராத்திரியில் போய்விடலாமா? ஆறு பேர் பெட்டி, நாலு பேர் பெட்டி, எது நல்லது?

பதில்: நாலு பேர் பெட்டிதான். ஆறு பேர் பெட்டியில் மூன்று அடுக்கு. உச்சியில் இருப்பதுதான் விலை குறைந்தது, அதில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே மூச்சில் டா நாங் போக மாட்டேன். ராத்திரி வண்டியில் ஹுவே வரை போய் இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து டா நாங்குக்குப் பகல் வண்டியில் சாதாரண சீட் எடுத்துப் போங்கள். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே ரயில் ஊர்ந்து போகும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம் வரும். அந்தப் பக்கத்து ஜன்னலைப் பிடியுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, தனியாக ஐரோப்பா போகிறேன். பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸ் வாங்கியாயிற்று. இதை வைத்துக்கொண்டு நைட்ஜெட் என்ற ராத்திரி ரயிலில் சும்மா ஏறிவிடலாமா? பெண்கள் தனியாகப் போவது பாதுகாப்பா?

பதில்: ஏற முடியாது. பாஸ் பயணக் கட்டணத்துக்குத்தான் ஆகும், படுக்கைக்கு ரிசர்வேஷன் என்று தனியாகக் கட்ட வேண்டும், நிறைய பேருக்கு இது கிளம்புகிற வாரத்தில்தான் தெரிய வருகிறது. அப்போது மலிவான இடங்கள் போயிருக்கும், சில தடங்களில் எந்த இடமுமே இருக்காது. அதனால் தேதி முடிவான அன்றே போட்டுவிடுங்கள். ஒரு நல்ல விஷயம், நள்ளிரவுக்கு முன் ஏறி, அதற்கப்புறம் வண்டி மாறாமல் போனால் பாஸில் ஒரு நாள்தான் கழியும்.

நைட்ஜெட்டில் சீட், கூஷெட், ஸ்லீப்பர் என்று மூன்று வகை. கூஷெட் என்பது ஒரு அறையில் நாலு அல்லது ஆறு பேர் படுக்கிற மாதிரி, தலையணையும் போர்வையும் கொடுப்பார்கள், காலையில் காபியோ டீயோ ரொட்டியோடு வரும். உங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் சரி. முன்பதிவு செய்யும்போது பெண்கள் மட்டும் இருக்கிற அறை வேண்டும் என்று கேட்க முடியும், கேளுங்கள். கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் ஓட ஆரம்பித்த புது வண்டிகளில் ஒருவர் மட்டும் படுக்கிற மினி கேபின் இருக்கிறது, போகிற தடத்தில் அது கிடைத்தால் தனியாகப் போகிறவருக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. எங்கே படுத்தாலும் பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் உடம்போடு இருக்கட்டும், கொக்கியில் மாட்டுகிற பையில் வேண்டாம். அப்புறம், ஹோட்டல் ரூம் மத்தியானம்தான் தருவார்கள். பல் துலக்கி முகம் கழுவுவதை இறங்குவதற்கு முன்பே ரயிலில் முடித்துவிடுங்கள், பெட்டியை ஹோட்டல் வரவேற்பறையில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றலாம்.

கேள்வி: இஸ்தான்புல்லில் இருந்து பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு ராத்திரி ரயில். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் என் ஷெங்கன் விசா, நான் இஸ்தான்புல்லில் ஏறுவதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது. பிரச்சினை வருமா?

பதில்: முதலில் ஸ்டேஷன்: வண்டி நகரத்து நடுவிலிருந்து கிளம்பாது, ஹல்காலி வரை மர்மராய் என்ற நகர ரயிலில் போக வேண்டும். இந்த வண்டியில் முழுத் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். கபிகுலே என்ற துருக்கி எல்லை ஸ்டேஷனில் நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பி இறக்குவார்கள், பிளாட்பாரத்து ஜன்னலில் பாஸ்போர்ட்டில் முத்திரை, பிறகு பெட்டி படுக்கையெல்லாம் ஸ்கேனருக்கு. செருப்பும் ஜாக்கெட்டும் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு படுங்கள். அதைத் தாண்டிப் பல்கேரியப் பக்கம் இன்னொரு சோதனை.

பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லையிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, எனவே உங்கள் விசாக் கணக்கு அங்கே தொடங்கும். எல்லையைத் தாண்டும் நேரம் நள்ளிரவுக்கு அப்புறம்தான், தேதி மாறியிருக்கும், சட்டப்படி சரி. ஆனாலும் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் அடுத்த நாள் ராத்திரி வண்டியில் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அதிகாரியிடம் நின்று தேதியை விளக்குகிற வேலை உங்களுக்கு வேண்டாம், இஸ்தான்புல்லிலும் ஒரு நாள் கூடக் கிடைக்கும்.