5 அடி 11 அங்குலம், 15,267 சென்டிமீட்டர் ஆன கதை

கேள்வி: எச்டிஎம்எல்லில் பக்கம் அமைக்கத் தெரியும். பார்ப்பவர் எண் போட்டால் விடை சொல்கிற மாதிரி சின்ன நிரல்களை அதில் சேர்க்க ஆசை. கையிலிருந்த பழைய புத்தகம் ஜாவா ஆப்லெட் எழுதச் சொன்னது. எழுதினேன், பிரவுசரில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட்டில், அடி-அங்குலத்தில் உள்ள உயரத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றும் நிரல் எழுதிப் பார்த்தேன். 5 அடி 11 அங்குலம் என்று கொடுத்து பட்டனை அழுத்தினால் 15267.94 என்று கண்ணில் பட்டு, மறு கணமே பக்கம் மின்னி எல்லாம் காலியாகிவிடுகிறது. எங்கே தவறு? முதலில் ஜாவா படித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் வேறு வேறு மொழிகள். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது பெயர் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த ஆண்டு முடிவதற்குள் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவுக்கு அன்று இருந்த மவுசில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. புதிதாக வருகிறவர்களை இன்றுவரை குழப்புகிறது.

ஆப்லெட், அதாவது பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரல், ஓடாதது உங்கள் பிழையல்ல. அது பிரவுசரில் ஒட்டவைத்த ஒரு செருகுநிரலை நம்பி ஓடியது. அந்த வகைச் செருகுநிரல்களை குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் கைவிட்டன. ஜாவாவும் தன் 9-ஆம் பதிப்பில், அதே 2017-இல், ஆப்லெட் இனி வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. இதே வேலையைச் செய்துவந்த ஃபிளாஷும் 2020 முடிவோடு போய்விட்டது. எதையும் நிறுவச் சொல்லாமல் பக்கத்தில் ஓடும் சின்ன நிரலுக்கு இன்று வழி ஜாவாஸ்கிரிப்ட்தான்.

சரி, உங்கள் நிரலுக்கு வருவோம். அதில் இரண்டு தவறுகள் உள்ளன. இரண்டுமே எல்லோரும் ஒருமுறையாவது செய்பவை.

முதலில் அந்த மின்னல். உள்ளீட்டுப் பெட்டிகளையும் பட்டனையும் ஒரு ஃபார்ம் டேகுக்குள் போட்டிருப்பீர்கள். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எதுவும் சொல்லாவிட்டால் அது சப்மிட் பட்டன் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அழுத்தியதும் உங்கள் ஃபங்ஷன் ஓடி விடையை எழுதுகிறது. உடனே பிரவுசர் தன் பங்குக்கு ஃபார்மை அனுப்பி, பக்கத்தைப் புதிதாக ஏற்றுகிறது. விடை போயிற்று. பட்டனின் டைப்பை 'பட்டன்' என்றே குறிப்பிட்டால் சொடுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியில் எண் போட்டு என்டர் தட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் வேலை செய்ய வேண்டுமென்றால், ஃபார்மின் சப்மிட் நிகழ்வையே பிடித்து, ஃபங்ஷனின் முதல் வரியில் 'பிரிவென்ட் டிஃபால்ட்' சொல்லிவிடுங்கள். 'உன் வழக்கமான வேலையைச் செய்யாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பிரவுசரிடம் சொல்வது அது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

இப்போது 15267.94. உங்கள் சூத்திரம் சரியானதே: அடியை 12-ஆல் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டி, மொத்தத்தை 2.54-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். கோளாறு எண்ணில் இருக்கிறது. அதாவது, அவை எண்களே அல்ல. உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து 'வேல்யூ' என்று எடுப்பது எப்போதும் எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. பெட்டியின் டைப்பை 'நம்பர்' என்று வைத்தாலும் அப்படித்தான். பெருக்கல் குறிக்கு எண்ணைத் தவிர வேறு வேலை தெரியாது. அதனால் '5' என்ற சரத்தைத் தானே எண்ணாக்கி, 60 என்று கொடுத்துவிட்டது. கூட்டல் குறி அப்படியல்ல, அதற்கு இரண்டு தொழில். ஒரு பக்கம் சரம் வந்துவிட்டால் கூட்டாது, ஒட்டும். 60-ஐயும் '11'-ஐயும் ஒட்டியதில் '6011'. அதை மறுபடி 2.54-ஆல் பெருக்கியதால், சரம் திரும்பவும் எண்ணாகி 15267.94 வந்து நின்றது. பெருக்கல் ஒழுங்காக நடந்ததால்தான் கூட்டல் மேல் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

தீர்வு ஒரு வரி: பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, வேறு எதுவும் செய்யும் முன், 'நம்பர்' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிக்கொள்ளுங்கள். 71 அங்குலம், 180.34 சென்டிமீட்டர் என்று வரும். ஆனால் அந்த 'நம்பர்' காலிப் பெட்டியை 0 என்று எடுத்துக்கொள்ளும். அங்குலம் காலியாக இருந்தால் அது நமக்கு வசதிதான். அடியும் காலி என்றால், 0 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் கிடைப்பார். எண்ணாக்கும் முன் அடிப் பெட்டி காலியா என்று பாருங்கள். சாதாரண எழுத்துப் பெட்டியில் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைத் தட்டியிருந்தால் 'நான்' (NaN) என்று வரும். 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வேடிக்கை என்னவென்றால், அது தனக்குத் தானே சமமில்லை. ஆகவே சமக் குறி போட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது, 'இஸ்நான்' (isNaN) என்ற ஃபங்ஷனைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வகை நிரல்கள் எல்லாவற்றுக்கும் உடலமைப்பு ஒன்றுதான். மேலிருந்து கீழே ஓடி முடிவதல்ல இது. பக்கம் ஏறியதும், 'இந்தப் பட்டனை அழுத்தினால் என்னைக் கூப்பிடு' என்று பிரவுசரிடம் சொல்லிவைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லிவைப்புக்குப் பெயர் 'ஆட் ஈவென்ட் லிஸனர்'. கூப்பிட்டதும் எழுந்து, பக்கத்திலிருந்து எழுத்தை எடுத்து, எண்ணாக்கி, கணக்கிட்டு, திரும்பப் பக்கத்தில் எழுத்தாக எழுதிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும். விடையை எழுத 'டெக்ஸ்ட் கான்டென்ட்' பயன்படுத்துங்கள், 'இன்னர் எச்டிஎம்எல்' வேண்டாம். பார்ப்பவர் தட்டியதை இன்னர் எச்டிஎம்எல்லில் போட்டால், அவர் தட்டிய டேகுகளும் உயிர்பெற்றுவிடும்.

சொல்லிவைக்கும் வரி பட்டன் பிறப்பதற்கு முன்பே ஓடிவிட்டால் பட்டன் அகப்படாது. ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தின் தலைப் பகுதியில் வைக்கும்போது நடப்பது இதுதான். பாடி டேகை மூடுவதற்குச் சற்று முன் வையுங்கள். தனிக் கோப்பாக இருந்தால், 'பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓடு' என்று சொல்லும் 'டிஃபர்' சேர்த்துத் தலையிலேயே வைக்கலாம். பக்கத்துக்குள்ளேயே எழுதிய சாதாரண ஸ்கிரிப்ட்டுக்கு டிஃபர் பயன்படாது. எது நடந்தாலும் முதலில் எஃப்12 தட்டி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பாருங்கள். 'நல்' (null) என்ற சொல்லோடு சிவப்பு வரி இருந்தால், தேடிய பொருள் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று பொருள்: ஒன்று நேரம் தவறு, அல்லது ஐடியின் எழுத்துக்கூட்டல் தவறு. சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் இந்த மொழி வேறுபாடு பார்க்கும். அடி, அங்குலம் என்று வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமா? கோப்பை, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும்.

இது ஓடியதும், அதே நிரலைத் திருப்பிப் போடுங்கள்: சென்டிமீட்டரிலிருந்து அடி-அங்குலம். சுலபமாகத் தோன்றும். 182 என்று கொடுத்துப் பாருங்கள். 2.54-ஆல் வகுத்தால் 71.65 அங்குலம், அதில் 5 அடி போக மீதி 11.65, அதை முழு எண்ணாக்கினால் 12. திரையில் '5 அடி 12 அங்குலம்' என்று வரும். நானும் ஒரு காலத்தில் இதைக் கவனிக்காமல் விட்டவன்தான். முதலில் மொத்த அங்குலத்தை 72 என்று முழுதாக்கிவிட்டு, அப்புறம் அடியாகப் பிரித்தால் 6 அடி 0 அங்குலம் ஒழுங்காக வரும். தசம இலக்கங்களைக் குறைக்க 'டு ஃபிக்ஸ்டு' இருக்கிறது, ஆனால் அது தருவதும் எழுத்துச்சரமே. கணக்கெல்லாம் முடிந்து, திரையில் காட்டும் கடைசி அடியில் மட்டும் அதைத் தொடுங்கள். நடுவில் தொட்டால் பழைய 6011 திரும்பி வரும்.

மூன்றாவதாக, ஒருவர் தட்டத் தட்ட எழுத்துகளை எண்ணிக் காட்டும் பெட்டி எழுதலாம். 'கிளிக்' நிகழ்வுக்குப் பதில் 'இன்புட்' நிகழ்வு, எண்ணிக்கைக்குச் சரத்தின் 'லெங்த்'. ஆங்கிலத்துக்குச் சரியாக வரும். 'தமிழ்' என்று தட்டினால் மூன்றுக்குப் பதில் ஐந்து என்று சொல்லும். மகரத்தின் இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் ஐந்து அது. கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ண ஜாவாஸ்கிரிப்ட்டின் 'இன்டல்' (Intl) தொகுப்பில் 'செக்மென்டர்' என்ற கருவி இருக்கிறது. அதைக் கேட்டால் மூன்று என்று சொல்லும்.