ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்ல கருப்பா பூஞ்சை, கதவும் சரியா ஒட்டல, ரப்பரை மாத்தணுமா?

உடனே மாத்தாதீங்க, முதல்ல கழுவிப் பாருங்க. ரப்பருக்குள்ள இருக்குற காந்தப் பட்டைதான் கதவை இழுத்து ஒட்ட வைக்குது, மடிப்புல சிந்துன பாலு, குழம்புப் பிசுக்குன்னு சேர்ந்துட்டா இடைவெளி விழுந்து வெளிக்காத்து உள்ள போயி ஃப்ரீசர்ல ஐஸ் கட்டும், கம்ப்ரசர் நிக்காம ஓடி கரண்ட் பில்லும் ஏறும். பிளக்கைப் பிடுங்கிட்டு வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு பழைய டூத் பிரஷ்ஷால மடிப்பை விரிச்சு விரிச்சு தேய்ங்க, கீழ்ப்பக்கத்தை மறந்துடாதீங்க, அங்கதான் அழுக்கு அதிகம். ஈரம் நின்னா பூஞ்சை திரும்ப வரும், அதனால காய்ஞ்ச துணியால நல்லா துடைச்சிருங்க. கத்தி வச்சு மட்டும் சுரண்டவே வேணாம்!

அப்புறம் 10 ரூபா நோட்டை வச்சு கதவை மூடி இழுத்துப் பாருங்க, வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ஹேர் டிரையர் சூட்டை லேசா காட்டி ரப்பரை நீவி விடுங்க, எங்க வீட்ல அதுலயே சரியாயிடுச்சு. கிழிஞ்சிருந்தாதான் புதுசு.