5 சதவீதம் கார்பன் கலந்தும் பிளாஸ்டிக் தட்டில் மின்சாரம் பாயவில்லை, ஏன்?

நிறத்துக்குப் போடும் கறுப்பு மாஸ்டர்பேட்சைத்தான், அதாவது நிறம் செறிவாகக் கலந்த குருணையைத்தான், வாங்கியிருப்பீர்கள். கடையில் கார்பன் என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பக்கெட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது போதும். மின்சாரம் பாய, அதற்கென்றே வரும் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகும் வரை மீட்டர் அசையாது. மின்சாரத்துக்கென்று வரும் வழக்கமான ரகங்களில் அதற்கு எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிடிக்கும். கார்பன் நானோ குழாய் என்றால் 2, 3 சதவீதமே போதும் என்று ஒருவர் நிச்சயம் திருத்த வருவார். உண்மைதான், விலையையும் அவரே சொல்லிவிடட்டும்.

நான் பட்டம் வாங்கிய பொறியாளன் இல்லை. புதுச்சேரி சேதராப்பட்டில் மோல்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். மின்னணுப் பலகைகளை அடுக்க, நிலைமின்சாரம் தேங்காத தட்டு கேட்டு ஒரு கம்பெனி வந்தது. கறுப்பு வேண்டாம், வெள்ளைதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்படியானால் கிளிசரால் மோனோஸ்டியரேட் போன்ற ஒன்றைத்தான் கலக்க முடியும். அது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைத்தால்தான் மின்னேற்றம் தேங்காது. வறண்ட ஏசி அறையில் கைவிட்டுவிடும். இதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்தேன். எங்கள் கடற்காற்றில் சோதனை சுலபமாகத் தேறியது.

பிறகு, சரக்கு மோசம் என்று கடிதம் வந்தது. நேரில் போனேன். பெட்டியிலிருந்து உதிர்ந்த தெர்மாகோல் மணிகள் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டியிருந்தன. ஊதினேன், இடம் மாறினவே தவிர விழவில்லை. சுவரில் தொங்கிய ஈரப்பதமானியைக் காட்டிவிட்டு, என் கடிதத்தின் நகலை மேசையில் வைத்தேன். அடுத்த ஆர்டர் கறுப்பில் வந்தது.

பணம் மட்டும் வரவில்லை. சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். புகார் கொடுத்தால் மறு ஆர்டர் யாருக்குப் போகும்? கார்பன் விற்பவரோ முன்பணம் வைத்தால்தான் மூட்டையை இறக்குவார். இதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சரியான ரகம் கிடைத்ததும், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஸ்குரூவின் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். அதிகம் அரைபட்டால் கார்பன் சங்கிலி அறுந்து மின்தடை ஏறிவிடும். குருணையை நன்றாகக் காயவையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தால் தட்டின் மேல் வெள்ளிக் கோடு விழும். தட்டு வைக்கும் மேசைக்கு எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள்.