பாடத்திட்டத்தில் வடிவியல் இல்லை. தனி வகுப்பு வேண்டுமா?

கேள்வி: மகள் இளநிலைக் கணிதத்தில் சேர்ந்திருக்கிறாள். பள்ளியில் வடிவியல்தான் அவளுக்கு உயிர். இங்கே அந்தப் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. வெளியில் ‘வடிவியல் அடித்தள வகுப்பு’ நடத்துகிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இந்த வகுப்புகளில் பெரும்பாலும் விற்பது பள்ளியில் பார்த்த வட்டத் தேற்றங்களைத்தான், புது அட்டை போட்டு. முதலாண்டில் அவை அநேகமாகத் தேவைப்படாது.

அவளுக்குப் பிடித்த வடிவியல் மற்ற தாள்களுக்குள் கலந்து கிடக்கிறது, அதிகமும் அணிகளைப் பற்றிய நேரியல் இயற்கணிதத்தில். முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 1, 2 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அணிக்கோவை 3, ஐகென் மதிப்புகள் (திசை மாறாத கோடுகள் எத்தனை மடங்காகும் என்பதைச் சொல்லும் எண்கள்) 3, 1 என்று அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அவள் வரைபடத்தாளில் ஓரலகுச் சதுரம் வரைந்து, நான்கு முனைகளையும் அந்த அணியால் பெருக்கிப் பார்க்கட்டும். சதுரம் சாய்சதுரமாகும். பரப்பு 3 மடங்கு, அதுதான் அணிக்கோவை. ஒரு மூலைவிட்டம் 3 மடங்கு நீளும், மற்றதன் நீளம் அப்படியே இருக்கும். ஐகென் மதிப்புகள் அவைதான். பத்து நிமிட வேலை. படத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் வரைவதில்லை. கேள்வித்தாள் எடுப்பவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சமச்சீர்களை ஆராயும் குலக் கோட்பாட்டில் சதுரத்தின் 8 சமச்சீர்கள் (சதுரம் பழையபடியே பொருந்துமாறு சுழற்றும், திருப்பும் வழிகள்) வரும்போதும் அட்டையை வெட்டித் திருப்பிப் பார்ப்பது நல்லது.

அவளுக்குப் பள்ளி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது யூக்ளிட் முறையில் நிறுவும் பழக்கத்தை விடவே கூடாது. கல்லூரிக்கு வந்ததும் பள்ளிக் கணிதம் மறக்கிறது, ஆசிரியரானதும் கல்லூரிக் கணிதம் மறக்கிறது என்று ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908இலேயே எழுதினார். இன்னும் அதே நிலைதான். ‘கல்லூரியில் பார்த்துக்கொள்வார்கள்’ என்கிறது பள்ளி. ‘பள்ளியிலேயே முடித்திருப்பார்கள்’ என்கிறது கல்லூரி. வாரம் ஒரு தேற்றத்தைப் புத்தகத்தை மூடிவைத்து நிறுவட்டும். இணைகோட்டு எடுகோள் (ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு என்பது) எந்த வரியில் நுழைகிறது என்று குறித்துவைக்கட்டும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதற்கு அது வேண்டாம். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதற்கு அது இல்லாமல் முடியாது. இதற்கும் வகுப்பு எதுவும் தேவையில்லை, பழைய பள்ளிப் புத்தகமே போதும்.

அப்புறம், கடைசி ஆண்டில் வகையீட்டு வடிவியல் (வளைகோடுகளையும் வளைபரப்புகளையும் நுண்கணிதத்தால் ஆராய்வது) விருப்பப் பாடமாக இருந்தால் எடுக்கலாம், பன்மாறி நுண்கணிதம் முடித்த பிறகு. அதற்கு முன் துறையில் நேரில் போய்க் கேளுங்கள். கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள், நடத்த ஆள் இருக்காது.