வயரிங் பைப்பில் ஒரு குழல்

அன்புள்ள ஐயா,

வலங்கைமான் பக்கம் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வேலை முடிந்து மிஞ்சும் பி.வி.சி. வயரிங் பைப்புத் துண்டுகளில், கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டுப் புல்லாங்குழல் செய்து தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிறேன். இதுவரை 40 கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றையும் நான் வாசித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். "பிளாஸ்டிக்கில் நாதம் வராது, பிள்ளைகள் காதைக் கெடுக்காதே" என்கிறார் ஊர்ப் பாட்டு வாத்தியார். 10 ரூபாயாவது வாங்குங்கள் என்கிறாள் மனைவி. நிறுத்திவிடவா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கம்பியைத் தூக்கி எறியுங்கள். சுட்டுத் துளைப்பது மூங்கிலுக்குச் சரி. பி.வி.சி. கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது, மூச்சுக்குழாயை அரித்துவிடும். வயர் தீய்ந்தால் மூக்கு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதுவும் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது! ட்ரில் உங்களிடமே இருக்கும். சின்ன பிட்டில் தொடங்கி வட்ட அரத்தால் அகட்டுங்கள், பிசிறை உப்புத்தாளால் தேயுங்கள்.

வாத்தியாரோடு வாதாட வேண்டாம். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று குழலுக்கு ஐந்து பொருள் சொல்கிறார் சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்கு நல்லார். மூங்கிலே உத்தமம் என்கிறார், வெண்கலத்தை விலக்கவில்லை. ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. காசு உங்கள் வீட்டு விஷயம்.

"நான் வாசித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன்" என்றீர்களே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு 9 வயது. திருவாரூர் ஆழித்தேர் அன்று அப்பா ஒரு மூங்கில் குழல் வாங்கித் தந்தார். விற்றவர் அதே குழலில் வாசித்துக் காட்டினார், தேரை விட்டுவிட்டுச் சனம் நின்று கேட்டது. வீட்டில் நான் ஊதினால் ஸரிகமவில் வரும் 'க', அதாவது காந்தாரம் மட்டும் சுருதி ஏறிக்கொண்டே நிற்கும். ஒரு கோடை முழுக்க ஊதினேன். "உனக்குச் சுருதி ஞானமே இல்லைடா" என்றாள் அக்கா. நம்பிவிட்டேன். அதன்பின் பாட்டுப் பக்கமே போகவில்லை.

போன மாதம் பரணை ஒழித்தபோது அந்தக் குழல் அகப்பட்டது. அளந்து பார்த்தேன். ஆறு துளையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஸ்வரங்களுக்கு நடுவே தூரம் ஒன்றாகவா இருக்கிறது? விற்றவர் ஏமாற்றவில்லை. குழலை உள்பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். நாளெல்லாம் ஊதுகிறவர் உதடு அதைத் தானாகவே செய்துவிடும், அவருக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கோணல் குழலை உங்கள் உதடு நிமிர்த்திவிடும். வாங்கிப்போகும் பிள்ளையின் உதடு நிமிர்த்தாது. அது குழலைக் குறை சொல்லாது, தன்னைத்தான் சொல்லிக்கொள்ளும்.

ஆகவே நீங்கள் வாசித்துப் பார்ப்பதைச் சோதனை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஓரளவு ஊதத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூப்பிடுங்கள். போனில் சுருதி வையுங்கள். மூச்சுப் பட்டுக் குழல் சூடாகட்டும், சில்லிட்ட குழல் இறங்கித்தான் பேசும். உதட்டை அசைக்காமல் ஒவ்வொரு விரலாக எடுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்க மட்டும் செய்யுங்கள். இறங்கியிருந்தால் துளையை அகட்டுங்கள். ஏறியிருந்தால் மெழுகால் கொஞ்சம் அடையுங்கள். ஒரு பைப்பின் அளவை இன்னொன்றில் அப்படியே குறித்துவிடாதீர்கள், உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குழலைத் தனிக் கச்சேரிக்குக் கொண்டுவந்து 1904இல் மறைந்த சரப சாஸ்திரி நம் கும்பகோணத்துக்காரர், பார்வையற்றவர். எந்த அளவுகோலைப் பார்த்தார் அவர்?

நிறுத்தாதீர்கள். ஆனால் கொடுத்த 40 குழலையும் திரும்ப வாங்கி இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது.

நேற்று ராத்திரி மெழுகுவர்த்தியை உருக்கி என் குழலில் அந்த ஒரு துளையைப் பாதி அடைத்தேன். காந்தாரம் வந்து உட்கார்ந்தது. அக்காவுக்குப் போன் போட்டு ஊதிக் காட்டினேன்.